குதிரைவால் பனைக்கு ஊற்றிய தண்ணீர்

சில செடிகளுக்குக் குளிர்காலத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்புத் தேவையில்லை. நானே பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டவன்.

என்னிடம் இருந்தது குதிரைவால் பனை. பனை என்பது பெயருக்குத்தான். மெக்சிக்கோவின் வறண்ட காடுகளில் வளர்வது. அடிக்கட்டை பானைபோல உப்பித் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும். உச்சியில் குடுமியாக இலை. நான் வளர்த்த இனம் காட்டிலேயே அருகிப்போனது. விதை போட்டு முளைக்க வைத்தவன் நான். இரவு வேலை முடிந்து வருகிறவனிடம் எதையும் கேட்காத உயிர் அது.

அதே வீட்டின் கீழறையில் குடியிருந்த சவிரிமுத்து அண்ணைக்கு அது பகிடி.

“இதுவோடா பனை? நுங்கு எப்ப தரும்?”

“உங்கட காலத்தில வராது, அண்ணை.”

“அப்ப கள்ளாவது இறக்கித் தா.”

நல்ல மனிதர். நான் மறுக்கவில்லை. பார்க்கிங் என்கிற இந்தக் குளிர்தேசத்து ஊரில் எங்கள் ஆட்கள் குளிர் தொடங்கியதும் கறிவேப்பிலைச் சாடியை வீட்டுக்குள் எடுத்து, அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றுவார்கள். அவரும் ஊற்றினார். கறிவேப்பிலைக்கு மட்டும் அல்ல.

2006 தை மாதம், ஒரு நாள் இரவு ஷிப்ட் முடிந்து காலையில் வந்தபோது இலைகள் சரிந்து கிடந்தன. அடிக்கட்டையில் விரலை வைத்தேன், உள்ளே போனது. சாடித் தட்டில் வெள்ளைத் தண்ணீர்.

“காஞ்சுபோய்ப் பாவமாக் கிடந்தது, தம்பி. நான்தான் ஒவ்வொரு நாளும் ஊத்தினனான்.”

நான் கத்தவில்லை. செடியைக் குசினி மேசையில் கிடத்தி, அழுகலை வெட்டத் தொடங்கினேன். அடுப்பில் அவருடைய சோறு கொதித்தது. அணைத்தேன். ஆவி பட்டால் வெட்டுவாய் காயாது.

“ஊசி போட்டிட்டனடா. உடன சாப்பிட வேணும்.”

“கொஞ்சம் பொறுங்கோ.”

அவருக்குச் சலரோகம். இன்சுலின் போட்டபின் சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்; முன்பு அப்படி ஆனபோது சீனித்தண்ணீர் பருக்கி எழுப்பியவன் நான்தான். இப்போதும் அவருக்கு வியர்த்தது. கை நடுங்கியது. நாக்குக் குழறியது.

“தம்பி... சீனி...”

அழுகலைப் பாதியில் விட்டால் நல்ல சதைக்கும் பரவும். சுரண்டி முடித்து, பூஞ்சை பிடிக்காமல் கறுவாத்தூள் தூவினேன். அவர் அலுமாரிவரை வந்தார். கையை உயர்த்தினார். விழுந்தார். தொலைபேசி என் சட்டைப்பையில் இருந்தது. மத்தியானம்வரை மூச்சுக் கேட்டது.

கோபத்தில் செய்தாயா என்று விசாரணையில் கேட்கிறீர்கள். கோபக்காரனுக்குக் கை நடுங்கும். போய் என் வெட்டைப் பாருங்கள், நேராக இருக்கும். வருத்தமில்லையா என்கிறீர்கள். அந்தச் செடிக்காக ஒருவரும் வருந்தவில்லை.

சீனிப் போத்தல் ஏன் அலுமாரியின் உச்சியில் இருந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கத்தியை எடுக்கமுன் நான்தான் அங்கே வைத்தேன். அவருக்கு எட்டாது என்பது தெரியும். ஆனால், மேசையில் எனக்கு இடம் போதவில்லை.