குழலில் ஏறிய துரு

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லி ஓய்ந்த நேரம். காஜா பெராங் சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை… இருபுறமும் தென்னை, நடுவே புழுதி. நம் கய்யூமின் மாமனார் ஷரீஃபுதீன் அங்கேதான் துப்பாக்கிப் பட்டறை வைத்திருந்தார். வெள்ளைக்காரன் காலம் அது. கிட்ட வந்து உட்காருங்கள். வாசலுக்கு முதுகைக் காட்டாதீர்கள்.

மனுஷருக்குத் தொழிலில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. குழலுக்குள் துரு இருந்தால் ரவை சிதறும், வழவழப்பாக இருந்தால் நேரே போகும் என்பார். கம்பியில் துணி சுற்றி, எண்ணெயும் துருவை உரசியெடுக்கும் எமரிப் பொடியும் தொட்டு உள்ளே இழுப்பார். சர்… சர்… பிறகு குழலை வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். வெளிச்சம் வளையம் வளையமாக, உடையாமல் ஓடினால் வேலை முடிந்தது.

ஒருநாள் செமாபோக் கிராமத்திலிருந்து தெய்வநாயகம் என்ற மரவள்ளித் தோட்டக்காரர் வந்தார். சவரம் காணாத முகம். பழைய ஒற்றைக் குழல் துப்பாக்கியை நீட்டினார்.

"பன்னித் தொல்லை, பாய். இந்தத் தடவை ரவை சிதறக் கூடாது. ஒரே அடியில முடியணும்."

"என்கிட்ட விட்டுட்டுப் போங்கண்ணே. கண்ணாடி மாதிரி ஆக்கித் தர்றேன்."

அன்றைக்கே பளபளவென்று ஆக்கியும் விட்டார். காலையில் எடுத்துப் பார்த்தால்… உள்ளே துரு! மழையில் கிடந்தது போலச் செக்கச்செவேலென்று. வந்ததே அவருக்குக் கோபம். மறுபடி தேய்த்து, எண்ணெய் பூசி, குழல் வாயில் துணி அடைத்து வைத்தார். மறுநாளும் துரு. உருவிய துணியில் மரவள்ளி இலையைக் கசக்கிய பச்சை வாசனை வேறு.

அன்று பொழுது சாயும்போது வாசலில் சத்தம். சொட்… சொட்…

ஒரு பெண் நின்றாள். கூந்தலிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. சாலையிலோ ஒரு துளி மழை இல்லை.

"பாய், அந்தத் துப்பாக்கிக்கு மெருகு ஏத்தாதீங்க. நானும் எத்தனை தடவைதான் வந்து வந்து கெடுக்கிறது?"

"நீங்க யாரும்மா?"

"அவரு பொண்டாட்டி, பூங்காவனம். அவரு சரியாவே சாப்பிடுறதில்ல. கொஞ்சம் சாப்பிடச் சொல்லுங்க பாய்…" சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

ஷரீஃபுதீன் விளக்கை எடுக்கத் திரும்பினார். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. நிலைப்படியில் தண்ணீர் மட்டும் தேங்கிக் கிடந்தது. புருஷன் பெண்டாட்டிச் சண்டை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

தெய்வநாயகம் துப்பாக்கி வாங்க வந்தபோது ஷரீஃபுதீன் சொன்னார். "உங்க வீட்டுல வந்திருந்தாங்கண்ணே. பூங்காவனம்னாங்க. தலையெல்லாம் ஒரே ஈரம்."

துப்பாக்கிக்கு நீட்டிய தெய்வநாயகத்தின் கை அப்படியே நின்றது. அப்புறம் சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டார்.

"எம்மேல கோவமா இருந்தாளா, பாய்?"

"இல்லையே. அழுதாங்க. உங்களைச் சாப்பிடச் சொன்னாங்க."

அவ்வளவுதான். புழுதியிலேயே உட்கார்ந்து கதறிக்கொண்டே சொன்னார் தெய்வநாயகம். போன மாதம் ஒரு ராத்திரி, நல்ல மழையில், மரவள்ளிக்குள் சலசலப்பு கேட்டது. பன்றி என்று சுட்டுவிட்டார். அவிழ்த்துக்கொண்டு ஓடிய ஆட்டைத் தேடிப் போயிருந்தாள் பூங்காவனம். ரவை சிதறியதால் அவள் உடனே போகவில்லை. விடியும்வரை, நனைந்த தலையோடு, அவர் மடியில் துடித்துக்கொண்டு கிடந்தாள்.

"எனக்காவது ஒரே அடியில முடியட்டும்னுதான் கொண்டாந்தேன், பாய்…"

ஷரீஃபுதீன் துப்பாக்கியைத் தரவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டார். அழுதுகொண்டே சாப்பிட்டார் அந்த மனுஷர்.

அதற்குப் பிறகு துப்பாக்கி பட்டறைச் சுவரிலேயே தொங்கியது. எத்தனை தேய்த்தாலும் துரு. கடைசியில், "அந்தப் பொண்ணுக்கு ஏன் வேலை வைக்கணும்?" என்று தேய்ப்பதையே விட்டுவிட்டார்.

வருடங்கள் போயின. ஜப்பான்காரன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சாயங்காலம், பட்டறை முழுக்க மரவள்ளி வாசனை. குழலை எடுத்தார். யாரும் தொடாத குழல்… பளிச்சென்று இருந்தது.

வாசலுக்கு நேராகப் பிடித்துக் கண்ணை வைத்தார். வளையத்துக்குள்ளே சாலை. இரண்டு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் தெய்வநாயகம், கூடவே ஒரு பெண். சட்டென்று கண்ணை எடுத்தார். சாலையில் யாருமே இல்லை.

செமாபோக்கில் தெய்வநாயகம் காய்ச்சலில் கண்மூடிய சேதி மறுநாள்தான் வந்தது. ஆனால் அன்று ஷரீஃபுதீன் மறுபடியும் குழலில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

இன்னும் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் கூந்தல் காற்றில் பறந்தது… காய்ந்திருந்தது.