பத்து விநாடி

முழங்கால் போடுகிற இந்தப் பலகையில் ஒரு ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது, சாமி. யாரையாவது விட்டு அடித்துவிடச் சொல்லுங்கள். வயசானவர்கள் வருகிற இடம்.

நான் பாவசங்கீர்த்தனம் செய்து மூன்று வருஷம் ஆகிறது. பெயர் சொல்ல வேண்டியதில்லை, குரலிலேயே தெரிந்திருக்கும். கோவில் ஆபீஸ் கம்ப்யூட்டர் நின்றுபோனால் நீங்கள் போன் போட்டுக் கூப்பிடுகிற அதே ஆன்ட்ரூஸ்தான்.

போன வருஷம் மார்ச்சில் மீனவர் தகவல் மையத்துக் கம்ப்யூட்டரைப் பார்க்கச் சொன்னீர்கள். கண்டவர்களும் பென் டிரைவைச் செருகி, வைரஸ் ஏறி, மாதத்துக்கு இரண்டு தடவை படுத்துவிடும். விண்டோஸ் ஒன்றை நம்பிப் பிரயோஜனமில்லை, பக்கத்தில் லினக்ஸும் போட்டுவைப்போம், ஒன்று படுத்தால் மற்றது ஓடும் என்றேன். நல்ல யோசனை என்றீர்கள். நல்ல யோசனைதான். ஹார்ட் டிஸ்கை இரண்டாகப் பிரித்தேன். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் வைப்பது மாதிரி. விண்டோஸிலிருந்து பார்த்தால் லினக்ஸ் பக்கம் என்ன இருக்கிறதென்று தெரியாது.

பவர் பட்டனை அழுத்தினால் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் வரும். அம்புக்குறிச் சாவியால் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். பத்து விநாடி யாரும் எதையும் தொடாவிட்டால், நாம் குறித்துவைத்தது தானாகத் திறக்கும். அந்தக் குறிப்பு ஒரு சின்ன ஃபைலில் இருக்கிற ஒரே ஒரு எண். ஒன்று என்றால் விண்டோஸ், பூஜ்யம் என்றால் லினக்ஸ்.

டெல்சிக்கு இதைக் காட்டிக்கொடுத்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கம்ப்யூட்டரைப் போட்டு, அலை எத்தனை மீட்டர், காற்று எத்தனை வேகம் என்று தமிழில் வருகிற பக்கத்தைத் திறந்து கோபுரத்து ஒலிபெருக்கியில் வாசிக்கிறவள் அவள்தானே. அதைக் கேட்டுத்தான் கரையில் வள்ளம் இறக்குவார்கள்.

"ஏட்டி, இந்தச் சாவிய அமுக்கிப் படி" என்றேன்.

"இங்கிலீஷ் எழுத்து எனக்கு எதுக்கு அண்ணே? அது தானா வருமில்லியா? நான் மாதாவுக்கு ஒரு மங்கள வார்த்தை சொல்லுவேன், முடியவும் வந்திரும்."

சொல்லிக் காட்டினாள். வாட்சைப் பார்த்தேன். ஆமென் சொல்லும்போது சரியாகப் பத்து விநாடி.

நான் எதையும் மறைக்கவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். இரண்டு பெயரும் தினமும் அவள் கண்முன்னே நின்றன. ஒரு சாவியைத் தொட்டிருந்தால் போதும். அவள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டெல்சி மேல் எனக்கு என்ன கோபம் என்று கேட்பீர்கள். உங்களுக்கே தெரியும். எனக்கும் ஸ்மிதாவுக்கும் கோவிலில் கல்யாண ஓலை வாசித்தது நீங்கள்தானே. முதல் ஞாயிறு வாசித்தீர்கள். இரண்டாம் ஞாயிறும் வாசித்தீர்கள். தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று இரண்டு தடவையும் சொன்னீர்கள். மூன்றாம் ஞாயிறு, வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. மற்ற இரண்டு ஜோடியையும் வாசித்தீர்கள். அப்புறம் தாளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றீர்கள். அப்புறம் விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கிவிட்டீர்கள். மைக் போட்டிருந்தது சாமி. என் பெயர் வராமல்போனதைக் கரை முழுக்கக் கேட்டது. வள்ளத்தடியில் வலை பின்னிக்கொண்டிருந்தவன்கூடக் கேட்டான்.

அன்றைக்குப் பூசைக்கு முன்னால் டெல்சி உங்கள் அறைக்கு வந்துபோனதை உபதேசியார் சொன்னார். குலசேகரத்தில் ரப்பர் ஷீட் கடைக்குப் பின்னால் எனக்கு ஒரு வீடு இருக்கிறது, அங்கே நேசபாய் என்று ஒருத்தி, ஒரு பெண் குழந்தை, ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்ட கல்யாணம். இவ்வளவையும் தையல் டிரெயினிங்குக்குப் போன இடத்தில் பார்த்து வந்து சொல்லியிருக்கிறாள். ஸ்மிதாவை மஸ்கட்காரனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். எனக்குக் கோபம் என்றால் சின்ன வார்த்தை. மூன்று வருஷமாக அவள் குரல் சாயங்காலமானால் என் கம்ப்யூட்டர் கடைக்குள் வரும். கதவைச் சாத்தினாலும் வரும். அலை ஒன்றரை மீட்டர், காற்று முப்பது கிலோமீட்டர். அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஊரே தலையாட்டும். அந்தத் தலையாட்டலை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். வேறு யார் மேலும் எனக்கு ஒன்றுமில்லை.

லினக்ஸ் பக்கத்தில், விண்டோஸ் திரையில் இருந்த அதே மாதா படத்தை வைத்தேன். ஐகான்களையும் அதே இடத்தில் வைத்தேன். அதில் நெட் கார்டு வேலை செய்யாது, அப்போது அது பல இடத்தில் இருந்த தொல்லைதான். அதனால் பழைய பக்கம் ஒன்றைச் சேமித்துவைத்தேன். தேதியை மட்டும் மாற்றினால் போதும். அலை ஒன்று புள்ளி இரண்டு மீட்டர்.

அப்புறம் காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை யாரும் தொழிலுக்குப் போவதில்லை, திங்கள் விடியக்காலம் எல்லா வள்ளமும் இறங்கும். அதனால் ஞாயிறாக இருக்க வேண்டும். காற்றும் மழையும் வந்தால் கிழவன்மார் வானத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். கள்ளக்கடல் அப்படியல்ல. வானம் தெளிவாக இருக்கும், காற்று இருக்காது, எங்கேயோ கிளம்பின அலை திடீரென்று கரையில் வந்து எழும்பும். அது வரப்போவது நெட்டில் வருகிற அந்தப் பக்கத்துக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு ஞாயிறு மதியமும் கடையில் அதைத் திறந்து பார்ப்பேன். பதினான்கு மாதம் பார்த்தேன்.

இந்த மே மாதம் ஒரு ஞாயிறு வந்தது. அலை மூன்று புள்ளி ஆறு மீட்டர், கடலுக்குச் செல்ல வேண்டாம். மையத்துச் சாவி என்னிடம் உண்டு. மதியம் போய்த் தேதியை மாற்றினேன், ஒன்றைப் பூஜ்யமாக்கினேன், கடைக்கு வந்து டீ குடித்தேன். ஐந்து மணிக்கு டெல்சியின் குரல் வந்தது. அலை ஒன்று புள்ளி இரண்டு மீட்டர். அவள் போனபிறகு மறுபடி மையத்துக்குப் போய் விண்டோஸில் சரியான பக்கத்தைத் திறந்துவைத்தேன், ஞாயிறு என்று ஹிஸ்டரியில் விழட்டும் என்று. பிறகு பூஜ்யத்தை ஒன்றாக்கினேன்.

திங்களன்று இருபத்தேழு வள்ளம் இறங்கியது. இருபத்தாறு திரும்பி வந்தன. அதையும் நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். ஞானதாசனின் வள்ளம் பத்து மணிக்குப் பாறைப் பக்கம் கவிழ்ந்தது. அவர், மகன் லிஜின், கூடப் போன மரியஜான். ஞானதாசன் கடைக்கு வந்தால் எனக்குச் சாளை மீன் பொதிந்து கொண்டுவருவார். லிஜினின் போனில் சனிக்கிழமைதான் பாட்டு ஏற்றிக்கொடுத்தேன். மூன்று பேரையும் கடல் கொண்டுபோனது. நான் ஒரு எண்ணை மாற்றினேன்.

மதியம் ஊர் கூடி மையத்துக்கு வந்தபோது என்னைக் கூப்பிட்டு அனுப்பினீர்கள். நான் கம்ப்யூட்டரைப் போட்டேன். கறுப்புத் திரையில் இரண்டு பெயரும் வந்தன. "இது என்னடே?" என்று கேட்டீர்கள். "ஒண்ணுமில்ல சாமி, அது தானா போயிரும்" என்றேன். பத்து விநாடி நீங்களும் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு விண்டோஸ் வந்தது, ஹிஸ்டரியில் ஞாயிறு திறந்த பக்கத்தில் மூன்று புள்ளி ஆறு வந்தது.

ஞானதாசனின் பெண்டாட்டி வியாகுலம்மாள் டெல்சியின் தலைமுடியைப் பிடித்துவிட்டாள். "ஏட்டி பாவி, எழுதி வச்சிருக்கத வாசிக்க ஒனக்கு வாய் வலிச்சா?"

"நான் கண்டதத்தான் மாமி வாசிச்சேன்."

"கள்ளி. இப்பளும் கள்ளம் சொல்லுதியா?"

ஊர் தலையாட்டியது. நீங்கள் அன்றைக்கே அவளை வேலையிலிருந்து நிறுத்தினீர்கள்.

இப்போது கோவிலில் அவள் உட்கார்ந்தால் பக்கத்துப் பெண்கள் நகர்ந்து உட்காருகிறார்கள். தண்ணிக் குழாயில் அவள் குடத்தைத் தள்ளிவைக்கிறார்கள். அவளைப் பெண் பார்த்துப் போனவர்கள் திரும்ப வரவில்லை. தினமும் பூசை முடிந்து உங்களிடம் வந்து அதே வார்த்தையைச் சொல்கிறாள் என்று உபதேசியார் சொன்னார். நீங்களும், ஜெபம் பண்ணு மகளே என்று சொல்லி அனுப்புகிறீர்களாம். அவள் பொய் சொல்கிறாள் என்று நீங்களும் நம்பினீர்கள். அவள் பொய்யே சொன்னதில்லை, சாமி. என்னைப் பற்றிச் சொன்னதும் நிஜம்தான். அதை மறுக்க நான் வரவில்லை.

மனஸ்தாபம், செய்த பாவத்துக்கு வருத்தம், உண்டா என்று கேட்க வேண்டாம். மனஸ்தாபம் இல்லாத பாவசங்கீர்த்தனம் செல்லாது என்று மறைக்கல்வியில் நீங்கள் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறது. செல்லாவிட்டாலும், இந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் கேட்டதைக் கழுத்தில் கத்தி வைத்தாலும் குரு வெளியே சொல்லக் கூடாது என்று சொன்னதும் நினைவிருக்கிறது. போலீஸிடம் போகாமல் இங்கே வந்தது அதனால்தான். ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

நாளைக்கும் பூசை முடிந்து டெல்சி வருவாள். நான் கண்டதைத்தான் வாசித்தேன், நீங்களாவது நம்புங்கள் என்பாள். என் பெயர் வர வேண்டிய இடத்தில் அன்றைக்கு எப்படி நின்றீர்களோ, அப்படியே நில்லுங்கள் சாமி. உங்களுக்குப் பழக்கம்தானே.