வலது ஓரம்

கோச்: காந்தத்தைத் தொடாதடி. பலகையில ஆளுக்கொரு காந்தம், நான் வச்சது வச்சபடி இருக்கட்டும்.

புயல்: ஒண்ணே ஒண்ணுதான்க்கா. இது நான், வலது ஓரம். இங்கேருந்து... இதோ, நடுக்கோட்டுக்குப் பின்னால.

கோச்: விளையாடறியா? நாளைக்கு நாடே டிவி முன்னால உக்காந்திருக்கும். புயல் எங்கன்னு கேட்டா, பின்னால காவல் காக்கறான்னு சொல்லவா?

புயல்: சொல்லுங்க. இடது ஓரத்துல நம்ம குட்டிப் பொண்ணு நண்டு மேல போறா, இந்தப் பக்கம் நானும் மேல போறேன். பந்து பறிபோச்சுன்னா பின்னால யாரு? நெட்டை ஒருத்தி. அவ பாவம், எத்தனை பேரைத் தடுப்பா?

கோச்: போன மேட்ச்ல வாங்கின ரெண்டு கோலும்...

புயல்: என் முதுகுக்குப் பின்னால விழுந்ததுதான். பூசி மெழுகாதீங்க.

கோச்: சரி, நண்டைப் பின்னால இழுக்கறேன். நீ மேல போ. தீர்ந்துச்சு.

புயல்: அவளையா? அவளைக் கட்டிப்போட்டா யாருக்கா கோல் அடிப்பா?

கோச்: ஏன், நீ அடி! 'பின்னால வாடி, பின்னால வாடி'ன்னு இத்தனை வருஷமா கத்தி என் தொண்டை போச்சு. காதுல வாங்கினியா? இன்னிக்கு என்ன திடீர் ஞானோதயம்?

புயல்: வயசாகுதில்ல...

கோச்: ஆமா, பெரிய கிழவி! போடி.

புயல்: அக்கா, நாளைக்குத் தோத்தா உலகக் கோப்பை அவ்வளவுதான். அடுத்ததுக்கு நண்டு காத்திருப்பா. நான்?

கோச்: அதுக்குத்தான்டி சொல்றேன்! கடைசி வாய்ப்பு... நீ முன்னால நின்னு ஆடணும். எல்லாரும் பாக்கணும்.

புயல்: எனக்காக அணியை ஒரு பக்கமா சாய்க்காதீங்க. பின்னால நின்னே நண்டு காலுக்குப் பந்தை அனுப்புவேன். அது எனக்கு இன்னும் வரும்.

கோச்: 'இன்னும்' என்னடி இன்னும்? உன் வேகம் குறைஞ்சிருந்தா நானே உக்கார வச்சிருப்பேன். நேத்து ஓட்டத்துல கூட நேரம் சரியாத்தானே வந்துச்சு?

புயல்: வந்துச்சு.

கோச்: அப்புறம் என்ன? வாயைத் திற.

புயல்: கூம்பை யாருக்கா தள்ளி வச்சது?

கோச்: எந்தக்... கூம்பு?

புயல்: ஓட்டம் முடியற இடத்துல இருக்குமே, ஆரஞ்சுக் கூம்பு. நான் ஓடும்போது மட்டும் ரெண்டு எட்டு முன்னால வந்து நிக்கும், ஓடற தூரம் குறையும். நண்டு ஓடும்போது பழைய இடத்துக்குப் போயிடும்.

கோச்: ...எப்போ பாத்த?

புயல்: முழங்கால் ஆபரேஷன் முடிஞ்சு வந்தேனே... முதல் நாளே.

கோச்: அடிப்பாவி! தெரிஞ்சும் ஏன்டி சும்மா இருந்த?

புயல்: ஒவ்வொரு தடவையும் நீங்க கடிகாரத்தைப் பாத்துட்டு 'சபாஷ்டி'ன்னு கத்துவீங்க... அதை விட மனசு வரலக்கா. இனிமே கத்த வேணாம். காந்தத்தைப் பின்னால வைங்க.