நான்காவது சுத்தப்படி

உலகத்தாருக்கு முக்கியமான ஓர் அறிவிப்பு. 'ஆல்வேஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கென்று வாக்கியத்தில் ஒரு நாற்காலி போடப்பட்டிருக்கிறது. எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே. அங்கே உட்காரவைத்தால் வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்கும். கண்ட இடத்தில் உட்காரவைத்தால் வாக்கியமே நொண்டும். இதை இங்கிலாந்தின் இந்தக் கிரிம்ஸ்பி ஊரில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்கள் குறைவு. நீங்கள் கேட்பதற்கென்றே போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வீடு தேடி வந்திருக்கிறீர்கள், சார்ஜண்ட் கெல்வே. நன்றி. தேநீர் ஆறிவிடும், குடியுங்கள். அந்தக் கறுப்பு ரொட்டியை வெண்ணெயோடு சாப்பிட்டால் நன்றாக இருக்கும்.

உங்கள் தலைக்கு மேலே பச்சையாகச் சிமிட்டுகிறதே, அது ஒன்றுமில்லை. குளிருக்குப் போடும் காஸ் ஹீட்டர் சரியாக எரியாவிட்டால் ஒரு வாயு வரும். மணம் இருக்காது, தூங்குகிறவரை எழுந்திருக்க விடாது. அது வந்தால் இந்தப் பெட்டி கத்தும். வருடாவருடம் அக்டோபர் முதல் ஞாயிறு பாட்டரி மாற்றிவிடுவேன். ஒழுங்கு எனக்குப் பிடிக்கும்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு நான் ஆங்கிலம் கற்பிக்கிறேன். பழைய மீனவர் மன்றத்தின் மாடியில், செவ்வாயும் வியாழனும், பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து வரை. மீன் ஃபாக்டரியில் காலை ஷிப்ட் முடிந்து நேரே வருவார்கள். அறை முழுக்க மீன் வாடை. கரும்பலகைக்கு மேலே என் கையால் எழுதி ஒட்டியிருக்கிறேன்: எழுவாய், வினை, செயப்படுபொருள். பிறகு எப்படி, எங்கே, எப்போது. ஆங்கில வாக்கியம் இந்த வரிசையில்தான் நடக்கும். இதைத் தெரிந்துகொண்டவன் இந்த நாட்டில் எந்த அலுவலகத்துக்குள்ளும் தலை நிமிர்ந்து போகலாம் என்பது என் கொள்கை.

அதெரிட்டோ என்றொரு போர்த்துக்கீசியன் இருக்கிறான். என்னை 'ப்ரொஃபசர்' என்று கூப்பிடுவான். மரியாதை இல்லை, நக்கல். ஒரு நாள் கேட்டான்:

"ப்ரொஃபசர், வீடு பத்தி எரியுதுன்னு வைங்க. போன்ல எப்படி எரியுதுன்னு மொதல்ல சொல்லணுமா, எங்க எரியுதுன்னா?"

"எப்படி, எங்கே, எப்போ. அதுதான் வரிசை."

"அப்போ தீயணைப்பு வண்டி வர்றப்போ சாம்பல்தான் இருக்கும். ஆனா வாக்கியம் சுத்தமா இருக்கும்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு பாடத்துக்கு நல்லது.

இல்சேயை நீங்கள் படத்தில்தான் பார்த்திருப்பீர்கள். லாட்வியாக்காரி, முப்பத்தோரு வயது. மீனை முள் நீக்கிக் கூறு போடும் வேலை. கணவன் கிடையாது, மதாரா என்று ஆறு வயது மகள். 'எனக்கு டீ ரொம்பப் பிடிக்கும்' என்பதை 'ஐ லைக் வெரி மச் டீ' என்றே ஒரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள். திருத்தினால் கோபப்படாத மாணவி. எனக்குப் பிடித்தவள் என்றே சொல்லலாம்.

நவம்பர் முதல் செவ்வாய் அவள் ஒரு கடிதம் கொண்டுவந்தாள். அவளுக்கு வீட்டை வாடகைக்கு விட்ட ஏஜென்சிக்கு எழுதியது. விஷயம் இவ்வளவுதான்: ஹீட்டர் போட்டால் எப்போதும் தலைவலி. வெளியே போனால் தலைவலி இல்லை. தீ மஞ்சளாக எரிகிறது. மகளைக் காலையில் எழுப்ப முடிவதில்லை, எழுந்தால் வாந்தி. தயவுசெய்து சீக்கிரம் ஆள் அனுப்புங்கள்.

பதினொரு பிழைகள். 'ஆல்வேஸ்' வாக்கியத்தின் வாலில் தொங்கியது. 'சீக்கிரம்' என்ற சொல்லோ வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே, கூட்டமான பஸ்ஸில் முழங்கை போட்டு ஏறியவனைப் போல நின்றது. சிவப்பு மையால் வட்டம் போட்டேன்.

"மிஸ்டர் ஹாக்ஸ்பி, இதுலயே புரியுதுல்ல? இப்படியே அனுப்பிடவா?" என்றாள்.

"புரியறது வேற, சரியா இருக்கிறது வேற, இல்சே. தப்பும் தவறுமா அனுப்பினா, படிக்கிறவன் சிரிச்சுட்டுக் குப்பையில போடுவான்."

"போன்லயும் சொன்னேன். எழுத்துல குடுங்கன்னுட்டாங்க."

"பார்த்தீங்களா? எழுத்துக்குத்தான் மதிப்பு. அப்போ அது எழுத்தா இருக்க வேண்டாமா?"

என் வகுப்பில் ஒரு விதி உண்டு. சிவப்பு மை பட்ட தாள் அறையை விட்டு வெளியே போகாது. அதைப் பார்த்து மாணவர் சுத்தப்படி எழுத வேண்டும். பிழை இருந்தால் மறுபடி சிவப்பு, மறுபடி சுத்தப்படி. தாள்கள் என் அலமாரியில், சாவி என் பையில். இருபத்திரண்டு ஆண்டுகளில் இந்த விதியை யாருக்காகவும் தளர்த்தியதில்லை.

வியாழனன்று இரண்டாம் படி. ஆறு பிழைகள். 'சீக்கிரம்' என்பது இந்த நாட்டில் கொஞ்சம் முரட்டுத்தனமாகக் கேட்கும் என்று விளக்கினேன். அதற்குப் பதில் 'தங்களுக்கு வசதிப்படும் முதல் வேளையில்' என்று எழுதச் சொன்னேன். அது அவளுக்குப் பிடிபட அரை மணி நேரம் ஆனது.

அடுத்த செவ்வாய் மூன்றாம் படி. ஒரே ஒரு பிழை. அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டே எழுதினாள். அதெரிட்டோ என் மேஜைக்கு வந்தான்.

"ப்ரொஃபசர், அவ மூஞ்சி வெளுத்துக் கெடக்கு. கண்ணாடி போட்டுத்தானே இருக்கீங்க? லெட்டரைக் குடுங்க, ஏஜென்சி நான் போற வழிதான்."

"ஒரே ஒரு பிழைதான் பாக்கி, அதெரிட்டோ."

"உங்களுக்கு ஒண்ணு பாக்கி. அவளுக்கு எத்தனை நாள் பாக்கின்னு கேட்டீங்களா?"

வாக்கியம் சரியாகத்தான் இருந்தது. அதனால் நான் திருத்தவில்லை.

வியாழனன்று நான்காவது படி வந்தது. சிவப்பு மைக்கு வேலையே இல்லை. ஒவ்வொரு சொல்லும் அதனதன் நாற்காலியில். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை. "நானே தபாலில் போட்டுடறேன்" என்றேன். அவள் இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். தன் ஊர் முறையில் சுட்ட ரொட்டி ஒன்றைத் தாளில் சுற்றி வைத்துவிட்டுப் போனாள். ஆமாம், இதுதான். மீதியை ஃப்ரீசரில் வைத்திருந்தேன். ஏன் தட்டைத் தள்ளி வைக்கிறீர்கள்?

இங்கே நீங்கள் என் நிலைமையையும் பார்க்க வேண்டும். வகுப்பை மூடிவிடலாமா என்று முடிவு செய்ய மேலிடத்திலிருந்து ஒரு கல்வி அலுவலர் வருவதாக இருந்தார். மாணவர்கள் முன்னேறியிருக்கிறார்கள் என்று நான் காட்டியாக வேண்டும். நான்கு படிகளையும் அடுத்தடுத்து வைத்தால் குருடனுக்கும் தெரியும். அவர் செவ்வாயன்று வருவார். செவ்வாய் மாலை தபாலில் போட்டுவிடலாம். நடுவே நாலைந்து நாள்தானே. ஏஜென்சிக்காரர்கள் உடனே ஓடி வந்துவிடப் போகிறார்களா என்ன?

சனியும் ஞாயிறும் கடும் பனி. ஊரே ஹீட்டரை முழு வேகத்தில் வைத்திருந்தது.

கல்வி அலுவலருக்கு ஜலதோஷம், வியாழனுக்குத் தள்ளிப்போட்டார். அதைத் தெரிவித்த கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது, செவ்வாய் வகுப்புக்கு அதெரிட்டோ தனியாக வந்தான். கோட்டைக் கழற்றவில்லை.

"இல்சேயும் பொண்ணும் போயிட்டாங்க. நேத்து வேலைக்கு வரலைன்னு போய்க் கதவை ஒடச்சோம். ஹீட்டர்தான். ரெண்டு பேரும் ஒரே கட்டில்ல, ஒரே போர்வையில..." என் அலமாரியைப் பார்த்தான். "லெட்டரை எப்போ போட்டீங்க?"

"போன வியாழக்கிழமையே போட்டேன்" என்றேன். சின்ன வாக்கியம். அதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை.

வியாழனன்று கல்வி அலுவலர் வந்தார். நான்கு படிகளையும் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார். "பிரமாதம், மிஸ்டர் ஹாக்ஸ்பி. இந்தப் பெண்மணியை நான் பார்க்க முடியுமா?" என்று கேட்டார். அவர் இப்போது ஊரில் இல்லை என்றேன். வகுப்புக்கு இன்னும் ஒரு வருடம் அனுமதி கிடைத்தது. இல்சேயின் இடத்தில் ருமேனியாவிலிருந்து வந்த ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் 'ஆல்வேஸ்' தகராறுதான். அதெரிட்டோ வருவதில்லை. உங்களிடம் வந்தது அவன்தான் என்று நினைக்கிறேன். நல்ல மாணவன், பொறுமைதான் இல்லை.

இதோ, நான்கு தாள்களும். கசங்காமல் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குறிப்பேட்டை இங்கிருந்தே தலைகீழாகப் படித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும், தொழில் பழக்கம். நான் கடிதத்தை வேண்டுமென்றே நிறுத்திவைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். 'வேண்டுமென்றே' உட்கார வேண்டிய இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதை மாற்ற வேண்டாம்.

'இதுலயே புரியுதுல்ல?' என்று அவள் கேட்டதற்கு மட்டும் நான் நேராகப் பதில் சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் படியில் பதினொரு பிழைகள் இருந்தன. படித்தவுடனேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.