ஐயாவின் இருபத்திரண்டு புத்தகங்கள்

என் தரப்பை எழுத்தில் கேட்டு நீங்கள் அனுப்பிய கடிதத்தில் மூன்று இடங்களில் ஒற்று விடுபட்டிருந்தது. பென்சிலால் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முப்பத்தொரு வருடமாகச் சபையின் அச்சகத்தில் பிழை திருத்துகிறவனுக்குப் பிழையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

விசாரணைக் குழுவில் நீங்கள் மூன்று பேர். ஓய்வுபெற்ற நீதிபதி, டாக்டரம்மா, ஆயர். மொழி சுத்தமாக இருக்கும் என்று ஆயர் பரிந்துரைத்ததால் உங்கள் அமர்வுகளுக்குக் குறிப்பெடுக்கிறவனும் நானே. ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார்.

போன வருடம் ஐயாவை அடக்கம் செய்தோம். நாற்பது வருடம் இந்தச் சபையில் பிரசங்கம் செய்தவர். தெருமுனை வரை கூட்டம் நின்று அழுதது. இரண்டு மாதம் கழித்து மூன்று பெண்கள் தனித்தனியாக வந்து, ஆலோசனைக்கென்று தன் அறைக்கு அழைத்து ஐயா தங்களிடம் எப்படி நடந்துகொண்டார் என்று எழுதிக் கொடுத்தார்கள். அழுதவர்களுக்கு அழுத கண்ணீரைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி தெரியவில்லை. குழு அமைத்தார்கள்.

உங்கள் முதல் கேள்வி அந்தப் பெண்களைப் பற்றி இருக்கும் என்று நினைத்தேன். புத்தகங்களைப் பற்றி இருந்தது. விழுந்துபோன போதகரிடமிருந்து விசுவாசிகள் தொடர்ந்து கற்றுக்கொள்ளலாமா, ஐயாவின் இருபத்திரண்டு நூல்களையும் வைத்துக்கொள்ளலாமா, கூடாதா. அதற்கே நான்கு அமர்வுகள் போயின. குழாய் துருப்பிடித்தது என்பதற்காகத் தண்ணீரைக் குறை சொல்லலாமா என்று ஆயர் கேட்டார். அந்தத் தண்ணீரை நோயாளிக்குக் கொடுக்கக்கூடாது என்றுதான் தான் படித்ததாக டாக்டரம்மா சொன்னார். வேதத்தில் வரும், பிறன் மனைவியை எடுத்துக்கொண்ட ராஜாவின் பாட்டுகளை இன்றும் பாடுகிறோமே என்றார் ஆயர். அந்த ராஜா தப்பை ஒத்துக்கொண்டு அழுதார், நம்முடையவர் கடைசிவரை கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தார் என்றார் டாக்டரம்மா. நீதிபதி நடுநிலை வகித்தார். அதாவது, கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

கடைசியில், அட்டையில் படத்தை எடுத்துவிட்டு உள்ளே ஓர் எச்சரிக்கைத் துண்டு ஒட்டலாம் என்று முடிவானது. அதை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. ‘இந்நூலாசிரியரின் தனிவாழ்வில் சில குறைகள் இருந்தன’ என்று எழுதினேன். ‘சில’ என்பதை எடுத்துவிட்டால் ‘நிறைய’ என்று அர்த்தமாகிவிடுமோ என்று அரை மணி நேரம் பேசினீர்கள். நானும் பேசினேன்.

ஐந்தாம் அமர்வில்தான் பெண்களைக் கூப்பிட்டீர்கள். முதல் இருவரை நம்பினீர்கள். மூன்றாவது பெண்ணை நம்பவில்லை. காரணம், ஏழு வருடத்துக்கு முந்தைய நம் மாத இதழின் சாட்சிப் பக்கம். ஐயாவால் தனக்குக் கிடைத்த ஆறுதலைப் பற்றி அவளே எழுதிய கடிதம் அதில் வந்திருந்தது.

“இது உங்க கையெழுத்துதானே?” என்று நீதிபதி, அச்சகக் கோப்பிலிருந்த கையெழுத்திட்ட அச்சுப்படியைக் காட்டினார்.

“கையெழுத்து என்னோடதுதான். ஆனா நான் இப்படி எழுதல.”

“அப்புறம் யார் எழுதினாங்க?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் ‘சாட்சி பதில் சொல்லவில்லை’ என்று குறித்துக்கொண்டேன்.

அவள் என் அக்கா மகள். இதைக் குழுவில் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. தேவ மனிதரின் பேரைக் கெடுக்கிறாள் என்று என் அக்கா அவளோடு பேச்சை நிறுத்தி ஏழு வருடமாகிறது. இதழின் அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாள். இப்போது குழுவும் நம்பாவிட்டால் மகள் பொய்க்காரி என்பது சபைப் பதிவேட்டிலேயே ஏறிவிடும். இது எனக்கு வருத்தம்தான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று அவளுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் கடைசி அமர்வில் டாக்டரம்மா பிடிவாதமாக நின்றதால் முடிவு மாறியது. துண்டும் வேண்டாம், ஒட்டும் வேண்டாம். இருபத்திரண்டு நூல்களையும் காகிதக் கூழாக்க அனுப்புவது என்று தீர்மானித்தீர்கள். அப்போதுதான் நான் பேனாவை மூடிவிட்டு, அவற்றை எழுதியது நான் என்று சொன்னேன்.

உண்மை அதுதான். ஐயாவுக்கு எழுத வராது. மேடையில் அழுவார், அழவைப்பார். ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்கமாட்டார். ஒரு மணி நேர ஒலிநாடாவில் எனக்குத் தேறியது இரண்டு கதையும் கொஞ்சம் இருமலும். மற்றதெல்லாம் என் மூளையில் பிறந்தது. பொறுமையைப் பற்றிய நூலை என் மனைவி பேறுகாலத்தில் கிடந்தபோது எழுதினேன். அதைப் படித்துத்தான் தான் ஊழியத்துக்கே வந்ததாக ஆயர் சொல்லியிருக்கிறார்.

“அப்போ ஐயா என்ன செஞ்சார்?” என்று ஆயர் கேட்டார்.

“அட்டையில இருந்தார்,” என்றேன்.

டாக்டரம்மா, “இவ்வளவு நெருக்கமா இருந்தவருக்கு அவர் நடத்தை தெரியாதா?” என்றார். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று பழமொழி சொன்னேன். “புத்தகம்னா நீங்க எய்தவர், தப்புன்னா அம்பா?” என்று கேட்டார். நல்ல வாக்கியம். குறிப்பில் அப்படியே சேர்த்திருக்கிறேன்.

நீதிபதி ஆதாரம் கேட்டார். நியாயம். ஆனால் ஒலிநாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்துவது அச்சகத்தின் வழக்கம். கைப்பிரதிகள் வருடக் கடைசியில் கூழுக்குப் போய்விடும். முப்பத்தொரு வருட உழைப்பில் மூலமும் திருத்தமும் ஒன்றாகத் தப்பியிருப்பது ஒரே ஒரு தாள். அதை இத்துடன் இணைத்திருக்கிறேன். என் அக்கா மகள் எழுதிய கடிதம் அது.

ஐயாவுக்கு வரும் கடிதங்களெல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். நல்லவற்றைச் சாட்சிப் பக்கத்துக்கு எடுப்பேன். மற்ற மாதிரிக் கடிதங்களும் வந்தன. இவளுக்கு முன்பு நான்கு. அவற்றைக் கிழித்தேன். ஒரு மனிதன் சறுக்கினான் என்பதற்காக ஆயிரக்கணக்கானவர்களின் ஆறுதலைக் கெடுப்பதா? அப்பாவை இழந்து அக்கா மகள் ஜெபிப்பதையே விட்டுவிட்டாள் என்று அக்கா வந்து அழுதபோது, ஐயாவிடம் அவளை அழைத்துப் போனதும் நான்தான். என் அக்கா மகள் என்று தெரிந்தால் அவர் கண்ணியமாக இருப்பார் என்று உண்மையிலேயே நம்பினேன். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது.

இரண்டு வாரம் கழித்து, சபைத் தலைமைக்குக் கொடுக்கச் சொல்லி இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்தாள். ‘அந்த அறைக்குள் போகும்போது எனக்கு நம்பிக்கை இருந்தது. வெளியே வரும்போது இல்லை’ என்று தொடங்கியிருந்தாள். முழுக் கடிதத்தையும் நீங்கள் படிக்கலாம். பிள்ளைக்கு நல்ல நடை. நான் ‘நம்பிக்கை’யை அடித்துவிட்டு ‘சந்தேகம்’ என்று போட்டேன். அதற்குப் பிறகு வரும் ஒன்றரைப் பக்கத்தை எடுத்துவிட்டு, கீழே ஒரு நன்றி வரி சேர்த்தேன். சிவப்பு மையில் எல்லாம் தெளிவாகத் தெரியும்.

அச்சாகும் எதையும் எழுதியவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது எங்கள் விதி. விதியை நான் மீறியதில்லை. அவளைக் கூப்பிட்டு அச்சுப்படியின் கடைசிப் பக்கத்தை நீட்டினேன்.

“இது எதுக்கு மாமா?”

“கடிதம் கிடைச்சதுன்னு ஒரு கையெழுத்தும்மா. அப்போதான் மேல அனுப்ப முடியும்.”

“நடவடிக்கை எடுப்பாங்கல்ல?”

“மாமா இருக்கேன்ல.”

படிக்காமலே போட்டாள்.

ஆக, அவள் சொன்னது முழுவதும் உண்மை. அதைப் பதிவேட்டில் திருத்திக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நான் இந்தத் தாளைக் கொடுப்பது அதற்காக அல்ல. ஒரு சொல்லை மாற்றி ஒரு கடிதத்தின் ஆத்துமாவையே மாற்றத் தெரிந்தவன் யார் என்று பாருங்கள். அந்த இருபத்திரண்டு நூல்களிலும் அதே கைதான் தெரியும். நீதிபதி கேட்ட ஆதாரம் இதுவே.

இனி உங்களுக்குச் சங்கடமே இல்லை. விழுந்தவரிடம் கற்கலாமா என்ற கேள்வியே எழாது. அட்டையில் அவர் பேரை எடுத்துவிட்டு என் பேரைப் போடுங்கள். எச்சரிக்கைத் துண்டுக்கும் அவசியமிருக்காது. என் ஒழுக்கத்தைப் பற்றி யாரை வேண்டுமானாலும் விசாரிக்கலாம். என் அக்கா மகளையே கேளுங்கள். அவளை அழைத்துப் போன அன்று ஐயாவின் அறைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். அவள் இரண்டு முறை ‘மாமா’ என்று கூப்பிட்டது கேட்டது. பரிசுத்தத்தைப் பற்றிய அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். விழுந்தவர் அவர், நான் இருந்த இடத்தைவிட்டு அசையக்கூட இல்லை.