எந்தக் கணக்கிலும் இல்லாதவள்

கலிஃபோர்னியாவின் லிவர்மோர் கோவிலில் மதியச் சாப்பாட்டு வரிசை வாசல் வரை நின்றது. எனக்கு முன்னால் ஒரு இளம் தம்பதி, கூடவே கணவனின் நண்பர். லண்டனுக்கோ பாரிஸுக்கோ மாறிப் போகச் சொல்லி, கணவனிடம் கம்பெனி திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறது.

"லண்டன்ல ஐரோப்பிய யூனியனை விட்டு விலகறோம், பிரெக்சிட் பிரெக்சிட்னு தினமும் சண்டை. ஆனா வேலை இல்லாதவங்க அங்க கம்மிடா," என்றார் நண்பர். "பிரான்ஸ்ல ஜாஸ்தி. ஆனா வேலைல இருக்கிறவன் ஒரு மணி நேரத்துல பிரிட்டிஷ்காரனை விட அதிகமா முடிச்சிடறான். ஆகஸ்ட்ல நீளமா லீவு வேற."

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. லீவு போட்டும் முந்துகிற நாடு.

"அதெப்படிடா?" என்றான் கணவன்.

"சுமாரா செய்யறவனுக்கு அங்க வேலையே கிடைக்காதுன்னு சொல்றாங்க. அப்புறம் சராசரி ஏறத்தானே செய்யும்?"

அதுவரை பேசாமல் நின்ற மனைவி கேட்டாள். "அண்ணா, அமெரிக்காவுல நான் எந்தக் கணக்கு? வேலை இருக்கிறவளா, இல்லாதவளா?"

நண்பர் கொஞ்சம் யோசித்தார். "வேலை தேடறவங்களைத்தான் இல்லாதவங்கன்னு எண்ணுவாங்க. உன்னது புருஷனோட வர்றவங்களுக்குக் கொடுக்கிற டிபென்டென்ட் விசா. அதுல வேலை செய்யவே முடியாது, நீ தேடவும் இல்ல. ரெண்டுலயும் வரமாட்டம்மா."

"இங்க வந்த ஏழு வருஷமாவா?"

நண்பர் தலையாட்டினார்.

"லண்டன்ல என்னை வேலை செய்ய விடுவாங்களா?"

"விடுவாங்க."

"கிடைக்கலைன்னா?" என்றான் கணவன்.

"பரவாயில்லைங்க. வேலை இல்லாதவங்க கணக்குலயாவது வருவேன்ல."

வரிசை நகர்ந்தது. அவன் நகராமல் போனை எடுத்து, கம்பெனிக்குப் பதில் எழுத ஆரம்பித்தான்.