வாஷ்பேசின் பக்கத்து இடம்

ஆன்டிபயாடிக் மருந்து மீந்துபோவது எங்கள் வார்டில் சகஜம். பெரியவர்களுக்கென்று வரும் குப்பியில் பச்சிளம் குழந்தைக்குத் தேவைப்படுவது சில சொட்டுகள்தான். மிச்சத்தைத் தனி டப்பாவில் போட்டு எரிக்க அனுப்ப வேண்டும் என்பது விதி. டப்பா இருப்பதோ கட்டடத்தின் மறுகோடியில். குழந்தைகளை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் நடக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள். வாஷ்பேசினில் ஊற்றிவிடுவோம். தலைமை நர்ஸான நான்தான் அந்தப் பழக்கத்தை ஆரம்பித்துவைத்தேன்.

முதலில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்கவில்லை. பிறகு இன்னொன்றுக்கு. கிருமி வேறு, ஆனால் அதே பிடிவாதம். இரண்டும் எப்படியோ பிழைத்துக்கொண்டன. லேப் டாக்டர் என்னைத் தேடி வந்தார். நல்ல மனிதர், ஆனால் எதையும் பாடம் நடத்தாமல் சொல்லத் தெரியாது.

"சிஸ்டர், உங்க வாஷ்பேசின் குழாய்க்குள்ள கிருமிங்க குடித்தனம் நடத்துதுன்னு நினைக்கிறேன். மருந்து கொஞ்சம் கொஞ்சமா உள்ள போனா, தாக்குப்பிடிக்கிறது மட்டும் மிஞ்சும். அது மருந்தைத் தாங்குற தன் மரபணுவை நகல் எடுத்துப் பக்கத்துல இருக்கிறதுக்குக் குடுத்துடும். வேற இனமா இருந்தாலும் குடுக்கும்."

"பரீட்சையில பிட்டு பாஸ் பண்ற மாதிரியா?"

"அதேதான். சொந்தமும் வேணாம், பந்தமும் வேணாம். பஞ்சுக்குச்சியில குழாயை வழிச்சு அனுப்புங்க. கிருமி இருந்தா, கழுவினாப் போகாது, ஆழத்துலேர்ந்து திரும்ப வரும். வார்டை மூடிட்டுக் குழாயைப் பிடுங்கணும்."

நான் சிரித்தேன். ஆனால் அந்த வாஷ்பேசினுக்குப் பக்கத்து இன்குபேட்டரில் படுத்திருந்தது என் தம்பி மகன். மாதம் நிறையாமல் பிறந்தவன், நுரையீரல் இன்னும் தேறவில்லை. வார்டை மூடினால் வேறு ஊருக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோக வேண்டும். வழி தாங்க மாட்டான் என்று குழந்தை டாக்டர் சொல்லியிருந்தார். தம்பியோ கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "நீதான் உள்ள இருக்கியேக்கா, எனக்கு அது போதும்" என்பான். உண்மை வெளியே வந்தால் அவன் மகன் வழியிலேயே போய்விடுவான். வராவிட்டால் குழாய் அப்படியே இருக்கும். அந்த வார்டின் ஜன்னல்களைத் திறக்க முடியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வழி இல்லை.

அதனால் குழாயில் பிளீச்சிங் கரைசலை ஊற்றி, நன்றாக ஊறவிட்டு, அதன் பிறகு பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்தேன். கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. வார்டை மூடவில்லை.

தம்பி மகனைத் தூரத்து மூலைக்கு மாற்றினேன். காலியான இடத்தில் புதிதாக வந்த ஒரு பெண் குழந்தையை வைத்தேன். "இங்க நல்ல வெளிச்சம் சிஸ்டர்" என்று அவள் அம்மா எனக்கு நன்றி சொன்னாள். அந்தக் குழந்தை இறந்தது. அடுத்து ஒரு பையனை வைத்தேன். அவனும் இறந்தான். இடத்தைக் காலியாக விட்டால் ஏன் என்று கேட்பார்கள், யாரையாவது வைத்துத்தானே ஆக வேண்டும். இரண்டு அம்மாக்களோடும் உட்கார்ந்து அழுதேன். அது நடிப்பில்லை.

தம்பி மகனைத் தொட மற்ற நர்ஸுகளை விடவில்லை. பால் கொடுத்தது, துணி மாற்றியது எல்லாம் நான்தான். ஒவ்வொரு தடவையும் அந்த வாஷ்பேசினில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தொட்டேன்.

நேற்று அவனும் போய்விட்டான். அவன் ரத்தத்தில் இருந்த கிருமியிலும் மற்றக் குழந்தைகளிடம் இருந்த அதே மரபணுவாம். என் கைகள்தான் கொண்டுபோயின என்று விசாரிக்க வந்த நீங்கள் சொல்கிறீர்கள். பிளீச்சிங் ஊற்றியதை ஒப்புக்கொள்கிறேன். அந்த இரண்டு குழந்தைகளை அங்கே வைத்ததையும், ஏன் வைத்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இவன் சாவை மட்டும் என் தலையில் கட்டாதீர்கள். அந்த வாஷ்பேசினில் கிருமி இல்லை என்று லேப்பே எழுதிக் கொடுத்திருக்கிறதே.